நம்மை எங்கே நிறுத்துகிறார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். நம்மூர் இளைஞர்கள் கையில் எடுத்திருக்கும் ஒரு வேலையைப் பற்றியது என்பதால் சுருக்கி எழுத மனம் வரவில்லை.

போன மாதம் நடந்த பாடசாலைக் கண்காட்சியில் ஒரு மூலையில் மட்டும் வரிசை குறையவே இல்லை. பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்த மெய்நிகர்க் கண்ணாடி அங்கே இருந்தது. அதைத் தலையில் மாட்டினால் நீங்கள் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில், வெளியே நீட்டிய ஒரு பலகையில் நிற்பீர்கள். எட்டாம் தர மாணவி ஒருத்தி மாட்டியவுடனே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், விட்டுடாதீங்க" என்றாள். அவள் நின்றது நம் மண்டபத்தின் சீமெந்துத் தரையில். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை.

அன்று பின்னேரம் அந்த இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். சுனாமிக்கு முந்திய நம் கடற்கரைத் தெருவை இதே மாதிரிக் கணினியில் கட்டப் போகிறார்களாம். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அந்தத் தெருவில் நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. நல்ல ஆசை. "வரலாற்றுப் பகுதியை நீங்க எழுதித் தாங்க டீச்சர்" என்றார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான், நம் தெருவின் கதைக்கு முன்னால் இந்தக் கண்ணாடியின் கதையைச் சொல்ல வேண்டும் என்று பட்டது. மனிதரை ஓர் இடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திக் காட்டும் வேலை நேற்று வந்ததல்ல. அதற்கு 230 வருடங்களுக்கு மேல் வயதாகிறது. அதைச் செய்தவர்கள் எல்லாரும் ஒரு கேள்விக்கு விடை சொல்லித்தான் தொடங்கியிருக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ: பார்ப்பவரை எங்கே நிறுத்துவது?

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். இதையெல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே முஸ்லிம்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். இப்னுல் ஹைதம் மெய்நிகர்க் கண்ணாடியைக் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லாதீர்கள். அவர் உண்மையில் செய்ததே போதுமான அளவு பெரியது.

பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஏறக்குறைய 1040இல் வபாத்தானவர் அவர். பார்வையைப் பற்றி 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலை ஏழு பாகங்களாக எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிட், தொலமி போன்றவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இல்லை, பொருளிலிருந்துதான் ஒளி கண்ணுக்கு வருகிறது என்று அவர் வாதாடினார். நம் விஷயத்துக்கு வேண்டியது அவர் சொன்ன இன்னொன்று. பார்வை கண்ணோடு முடிவதில்லை. உள்ளே ஒரு கணிப்பும் நடக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை, நமக்கும் அதற்கும் இடையில் கிடக்கும் நிலத்தை வைத்தே கணிக்கிறோம். அந்த நிலத்தைச் சிறு வயதிலிருந்து காலால் நடந்து அளந்து பழகியிருக்கிறோம். தரை தெரியாதபடி ஒரு துவாரத்தின் வழியாக இரண்டு சுவர்களைப் பார்த்தால், ஒன்றிலிருந்து மற்றது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பதை ஒரு பரிசோதனையாகவே விளக்கினார். அந்த நூல் 1200ஐ ஒட்டிய காலத்தில் லத்தீனுக்குப் போனது, 1572இல் பாசல் நகரில் அச்சானது. ஐரோப்பாவில் பார்வையைப் பற்றி எழுதியவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள்.

கண்காட்சியில் அந்தப் பிள்ளையின் கால் நகராததற்குக் காரணம் இதில் இருக்கிறது. அவளுடைய கண்ணுக்குத் தெரிந்த தரை, அவளுடைய காலுக்குக் கீழே இருந்த தரை அல்ல. கணிப்பு கண்ணை நம்பியது.

இனி லண்டனுக்கு வருவோம். ரொபர்ட் பார்க்கர் அயர்லாந்தில் பிறந்து ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் வாழ்ந்த ஓவியர். மனிதர்களின் உருவப்படம் வரைந்து பிழைத்தவர். அங்குள்ள கால்டன் குன்றில் ஏறி நின்றால் நகரம் சுற்றிலும் தெரியும். அந்த முழுச் சுற்றையும் ஒரே படமாக, ஒரு வட்டச் சுவரில் வரைய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1787இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 'பனோரமா' என்ற பெயர் சில வருடங்கள் கழித்து வந்தது. முழுக் காட்சி என்று பொருள்படும்படி கிரேக்கச் சொற்களைக் கொண்டு செய்த பெயர். நம் கைபேசிக் கமராவில் இருக்கும் அதே சொல்தான்.

அந்தக் காப்புரிமையில் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதோடு, கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதினார். பார்ப்பவர்கள் நடுவில் ஒரு மேடையில் நிற்க வேண்டும். படத்துக்குக் கிட்டப் போக முடியாதபடி தடுப்பு வேண்டும். வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழ வேண்டும். படத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணில் படக் கூடாது. படத்தை உடைத்துக்கொண்டு ஒரு கதவு இருக்கக் கூடாது. அதனால் கீழிருந்துதான் மேடைக்கு ஏறி வர வேண்டும். 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டி, ரொபர்ட் மிட்செல் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அப்படி ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காட்சிகள். பெரிய காட்சியின் விட்டம் சுமார் 90 அடி.

அங்கே முதலில் காட்டியது ஸ்பிட்ஹெட் கடலில் நின்ற பிரித்தானியக் கடற்படை. மேடையைக் கப்பல் தளம் மாதிரி அமைத்திருந்தார்கள். பார்க்க வந்த ராணி சார்லட்டுக்குக் கடலில் போனது போலத் தலை சுற்றியது என்று ஒரு கதை உண்டு. இன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தால் அந்தக் கதையை நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

பார்க்கரின் கெட்டித்தனம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு சாதாரண ஓவியத்தைப் பார்க்கும்போது சட்டம் தெரியும், சுவர் தெரியும், பக்கத்தில் நிற்பவரின் தலை தெரியும். அது ஓவியம் என்று அவை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். பார்க்கர் அவற்றை எல்லாம் எடுத்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லாவிட்டால் கண் படத்தையே உலகமாக எடுத்துக்கொள்கிறது. இன்றைய கண்ணாடி செய்வதும் அதைத்தான். அந்தக் கட்டடத்தைச் சுருக்கி முகத்தில் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வரலாற்றில் நம்மைத் தொடும் இடம் இதற்கு ஏழு வருடம் கழித்து வருகிறது. 1799 மே 4ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்தது, திப்பு சுல்தான் ஷஹீதானார். அடுத்த வருடமே, 1800இல், லண்டன் லைசியம் அரங்கில் அந்தக் காட்சி ஏறக்குறைய 120 அடி நீளத்தில், அரை வட்டமாக நின்றது. வரைந்தவர் ரொபர்ட் கெர் போர்ட்டர், இருபத்து மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த இளைஞர். ஆறு வாரத்தில் வரைந்து முடித்தார் என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. படையில் இருந்தவர்கள் சொன்னதையும் கிடைத்த சித்திரங்களையும் வைத்து வரைந்தார். அதிகாரிகள் பலருடைய முகங்களை அச்சொட்டாக வரைந்திருந்தார். லண்டன் மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள்.

அவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள்? கோட்டைக்கு வெளியே, உடைந்த மதிலை நோக்கி ஏறும் சிப்பாய்களோடு. நடுவில் தாக்குதலை முன்னின்று நடத்திய தளபதி பேர்ட். அங்கே நிற்பவருக்கு மைசூர்க்காரர்கள் யார்? எதிரே நின்று தன்மீது சுடுகிறவர்கள். மதிலுக்கு உள்ளே இருந்த ஊர், அந்த ஊரின் குடும்பங்கள், அன்று இரவு அவர்களுக்கு நடந்தது, எதுவும் அந்த இடத்திலிருந்து தெரியாது. சீருடையும் முகங்களும் சரியாக இருக்கலாம். அந்தப் படத்தில் ஒரு பொய்யைக்கூட நாம் கண்டுபிடிக்காமல் போகலாம். பார்ப்பவரின் காலை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே வேலை முடிந்துவிட்டது. அதே நாளை மதிலுக்கு உள்ளே நின்று ஒருவர் வரைந்திருந்தால், அதே கோட்டை, அதே புகை, அதே சிப்பாய்கள். வேறு ஒரு வரலாறு.

புத்தகத்தில் இப்படி ஒரு பக்கச் சார்பு இருந்தால் நாம் வாசித்துக்கொண்டே வாதாடலாம். படத்துக்குள் நிற்பவருக்கு அந்த அவகாசம் குறைவு. உடம்பு முதலில் நம்பிவிடுகிறது, மனம் பிறகுதான் கேள்வி கேட்கிறது.

அடுத்த கட்டம் கட்டடத்திலிருந்து கைக்கு வந்தது. 1838இல் சார்ள்ஸ் வீட்ஸ்டன், நம் இரண்டு கண்களுக்கும் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு படங்கள் விழுகின்றன, அவற்றைச் சேர்த்துத்தான் ஆழம் தெரிகிறது என்று லண்டன் ரோயல் சொசைட்டிக்கு விளக்கிக் கட்டுரை எழுதினார். இரண்டு கண்ணாடிகளை வைத்து அதைக் காட்டும் கருவியும் செய்தார். டேவிட் ப்ரூஸ்டர் அதை வில்லைகள் வைத்த சிறு பெட்டியாக்கினார். 1851 லண்டன் மகா கண்காட்சிக்குப் பிறகு அது வீட்டுக்கு வீடு போனது. எகிப்து, பலஸ்தீன், நம் இலங்கை என்று எல்லா இடத்திலிருந்தும் இரட்டைப் படங்கள் எடுத்து விற்றார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களை ஓர் அமெரிக்க வீட்டு வரவேற்பறையில் இருந்துகொண்டு பக்கத்தில் நிற்பது போலப் பார்க்கலாம். யாரை, எந்தக் கோணத்தில், எந்தக் கோலத்தில் என்பதைத் தீர்மானித்தவர் கமராக்காரர்.

இருபதாம் நூற்றாண்டில் மோர்ட்டன் ஹைலிக் என்ற அமெரிக்கத் திரைப்படக் கலைஞர், கண்ணும் காதும் மட்டும் போதாது என்றார். 1962இல் அவர் காப்புரிமை பெற்ற 'சென்சோராமா' ஒரு பெட்டி. உள்ளே தலையை விட்டு உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிளில் நியூயோர்க் தெருக்களில் போகலாம். இருக்கை அதிரும், முகத்தில் காற்றடிக்கும், வாசனைகளும் வரும். பணம் போட ஆள் கிடைக்காமல் அந்தப் பெட்டி அப்படியே நின்றுபோனது. ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. நீங்கள் தலையைத் திருப்பினாலும் படம் திரும்பாது. அவர் எடுத்த வழியில்தான் நீங்கள் போக வேண்டும்.

அந்தப் பூட்டைத் திறந்தவர் ஐவன் சதர்லாந்து. 1968இல் அவரும் அவருடைய மாணவர்களும் தலையில் மாட்டும் ஒரு திரையைச் செய்தார்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அறிய மேற்கூரையிலிருந்து ஒரு இரும்புத் தண்டு தொங்கியது. தலைக்கு மேல் வாள் தொங்குவது போல இருந்ததால் பழைய கிரேக்கக் கதையை வைத்து 'டமோக்கிளீஸின் வாள்' என்று பெயர் வந்தது. கண்ணுக்குத் தெரிந்தவை வெறும் கோடுகள். கோடுகளால் ஆன ஒரு கனசதுரம், கோடுகளால் ஆன ஓர் அறை. ஆனால் நீங்கள் தலையைத் திருப்பினால் அது உங்கள் தலைக்கேற்ப மாறும், பக்கவாட்டில் நகர்ந்தால் பொருளின் பக்கவாட்டுத் தெரியும். ஹைலிக்கின் அழகான தெருவைவிட இந்தக் கோட்டுச் சித்திரம் உண்மையான இடம் போல இருந்ததற்குக் காரணம் இதுதான். பார்ப்பவருக்கு முதல்முறையாக ஒரு சுதந்திரம் கிடைத்தது.

நம் இளைஞர்களின் வேலைக்கு மிக நெருக்கமான முன்னோடி 1978இல் வந்தது. மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கொலராடோவில் உள்ள ஆஸ்பென் என்ற சிற்றூருக்குப் போய், கார் மேல் கமராக்களைப் பொருத்தி, பத்து அடிக்கு ஒரு படம் என்று தெருத் தெருவாக எடுத்தார்கள். திரையைத் தொட்டு அந்த ஊரில் 'நடக்கலாம்'. சந்தியில் விரும்பிய பக்கம் திரும்பலாம். இலையுதிர் காலத்திலிருந்து பனிக் காலத்துக்கு மாற்றலாம். சில கட்டடங்களைத் தொட்டால் உள்ளேயும் போகலாம். இன்று கூகிளில் தெரு பார்ப்பவர்கள் எல்லாரும் அந்த ஆஸ்பெனுக்குக் கடன்பட்டவர்கள்.

இதற்குப் பணம் தந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு. 1976இல் உகண்டாவின் என்டபே விமான நிலையத்தில் இஸ்ரேலியப் படை தாக்குதல் நடத்தியதற்கு முன், அந்த இடத்தின் மாதிரி ஒன்றைக் கட்டிப் பயிற்சி எடுத்தார்கள். முன்பின் தெரியாத ஊருக்குள் நுழையும் முன் படையினர் அந்த ஊரைப் பழகிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது அந்த ஆதரவு. செய்தவர்கள் கலைஞர்களும் ஆய்வாளர்களும்தான். அவர்களுடைய ஆர்வம் உண்மையானது. ஆனாலும் ஓர் ஊரை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்து வைத்தால் அது யாருக்கெல்லாம் பயன்படும் என்ற கேள்வியையும் அந்த வேலை விட்டுச் சென்றது.

எண்பதுகளில் ஜெரன் லேனியர் என்பவர் தன் நிறுவனத்தின் மூலம் கண்ணாடியையும் கையுறையையும் விற்று, இந்தத் துறையின் ஆங்கிலப் பெயரைப் பிரபலமாக்கினார். விலை அதிகம், பாரம் அதிகம், படம் தாமதமாக வரும். கொஞ்ச காலம் ஆர்ப்பாட்டமாக இருந்து அடங்கிப்போனது. 2012இல் ஒக்கியுலஸ் கண்ணாடிக்குப் பொதுமக்களிடம் 24 இலட்சம் டொலர் திரண்டது. 2014இல் பேஸ்புக் அந்த நிறுவனத்தை ஏறக்குறைய 200 கோடி டொலருக்கு வாங்கியது.

இந்த நீண்ட காலத்தில் வடிவமைப்பவர்கள் பட்டுத் தெளிந்த பாடங்கள் சில உண்டு. தலை திரும்பியதற்கும் படம் மாறுவதற்கும் இடையில் ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் இருக்கக் கூடாது. பார்ப்பவர் நடக்காதபோது காட்சியை நகர்த்தக் கூடாது. கண் 'நகர்கிறேன்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'இல்லை' என்கிறது, அங்கேதான் குமட்டல் தொடங்குகிறது. சுருக்கமாகச் சொன்னால், உள்ளே வந்தவரின் உடம்புக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

அந்த மரியாதையை மிக அழகாகக் கொடுத்தவர் என்று நான் நினைப்பது கனடாவின் ஷார் டேவிஸை. ஓவியராக இருந்து கணினிக்கு வந்த பெண். 1995இல் மொன்றியலில் அவர் காட்டிய 'ஒஸ்மோஸ்' என்ற படைப்பில் கையில் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. மார்பைச் சுற்றி ஓர் அங்கி. அது மூச்சைக் கவனிக்கும். மூச்சை இழுத்தால் மெல்ல மேலே எழுவீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள். உடம்பைச் சாய்த்தால் அந்தப் பக்கம் மிதப்பீர்கள். ஒரு மரம், ஒரு குளம், ஓர் இலையின் உட்புறம். எதையும் அச்சு அசலாக வரையவில்லை. எல்லாமே பாதி ஊடுருவித் தெரியும். சுடுவதும் பிடிப்பதும் ஓடுவதுமாகவே இந்தத் துறை போய்க்கொண்டிருந்தபோது, அமைதியாக இருப்பதற்கும் ஓர் இடத்தைக் கட்டலாம் என்று அவர் காட்டினார்.

பிறகு வந்தது, பிறரின் துயரத்துக்குள் நம்மை நிறுத்தும் காலம். 2012இல் நொனி டி லா பெனா என்ற பத்திரிகையாளர், லொஸ் ஏஞ்சலிஸில் உணவுக்காக வரிசையில் நின்ற ஒருவர் சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்த சம்பவத்தைக் கட்டினார். குரல்கள் அந்த இடத்தில் பதிவானவை, உருவங்கள் கணினியில் செய்தவை. பார்த்தவர்களில் சிலர் விழுந்தவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்கள், சிலர் அழுதார்கள். 2015இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவோடு வந்த ஒரு படம், ஜோர்தானின் ஸாத்தரி முகாமில் வாழ்ந்த சித்ரா என்ற 12 வயதுச் சிரியச் சிறுமியின் நாளைக் காட்டியது. அதை முதலில் பார்த்தவர்கள் டாவோஸில் கூடிய உலகப் பணக்காரர்களும் தலைவர்களும்.

இதைப் 'பரிவு தரும் இயந்திரம்' என்று புகழ்ந்தார்கள். எனக்கு இரண்டு மனம். எண்பதாயிரம் பேர் வாழ்ந்த ஒரு முகாமை உலகம் திரும்பிப் பார்த்தது நல்லதுதான். ஆனால் எட்டரை நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றுபவர் முகாமைவிட்டு வெளியே வந்துவிடுகிறார். அந்தப் பிள்ளைக்குக் கழற்ற எதுவும் இல்லை. 'அவளாக இருந்து பார்த்துவிட்டேன்' என்று நினைப்பது ஒரு மயக்கம். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றோம் என்பதே உண்மை.

இன்னும் ஒரு கதை. 2015 பெப்ரவரியில் மொசூல் நூதனசாலையின் சிலைகளை ஐஎஸ் இயக்கத்தினர் உடைக்கும் காட்சி வெளியானது. அடுத்த சில வாரங்களில் இரண்டு ஆய்வாளர்கள், அந்த நூதனசாலைக்கு முன்பு போய் வந்தவர்கள் எடுத்த சாதாரணப் படங்களை உலகெங்கும் கேட்டு வாங்கி, கணினியில் அந்தச் சிலைகளை முப்பரிமாணத்தில் மீட்கத் தொடங்கினார்கள். ஒரே பொருளைப் பல கோணத்தில் எடுத்த படங்கள் இருந்தால் அதன் வடிவத்தைக் கணினி கணக்கிட்டுவிடும். நம் இளைஞர்கள் செய்ய நினைப்பதும் இதே முறைதான். இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு: யாரோ நின்று படமெடுத்தது மட்டுமே திரும்பி வரும்.

இப்போது நம் தெருவுக்கு வருகிறேன். தம்பிமாரே, கீழே சொல்பவை உங்களுக்கு.

முதலாவது, கடைசிக் காட்சியாக அலையைக் காட்டலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். வேண்டாம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் போன நாள் அது. ஒரு பலகைக்கே அந்தப் பிள்ளை என் கையை விடவில்லை. அந்த அலைக்குள் நின்ற பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. நானும் அந்தக் கண்ணாடியை மாட்டுவேன். தெருவைக் காட்டுங்கள். அலை எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, எந்த வருடத்தின் தெரு? 2004 டிசம்பர் 25 என்றால் ஒரு தெரு. 1985 என்றால் வேறு தெரு. தெருவின் வடக்கு முனையில் 1990 வரை தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. யுத்தம் அவர்களையும் கொண்டுபோனது, வேறு ஊர்களிலிருந்து நம்மவர்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தது. வருடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே யாருடைய வாசல் இருக்கும், யாருடைய வாசல் இருக்காது என்றும் தேர்ந்தெடுக்கிறீர்கள். லைசியத்தில் போர்ட்டர் செய்ததை நாமும் செய்துவிடக் கூடாது. ஆஸ்பெனில் காலத்தை மாற்ற ஒரு வழி வைத்தார்கள். நாமும் இரண்டு வருடங்களைக் கட்டலாம். அந்தக் குடும்பங்களில் சிலர் இன்றும் நம் வயதானவர்களோடு தொலைபேசியில் பேசுகிறார்கள். அவர்களிடமும் படம் கேளுங்கள்.

மூன்றாவது, நீங்கள் இதுவரை சேர்த்த படங்களை எனக்குக் காட்டினீர்கள். பள்ளிவாசல் முகப்பு, தோணிகள், சந்திக் கடை, கல்யாணப் பந்தல். எல்லாம் ஆண்கள் நின்று எடுத்த இடங்கள். இந்தப் படங்களை மட்டும் வைத்துக் கட்டினால், பார்ப்பவர் தெருவிலேயே நின்றுகொண்டிருப்பார். பெண்களின் தெரு வேலிக்குப் பின்னால் இருந்தது. வளவுக்கு வளவு கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதன் வழியாகவே என் மூத்தம்மா தெருவில் கால் வைக்காமல் ஆறு வீடு தள்ளிப் போய் வருவார். கிணற்றடி, குசினி, பாய் விரித்துக் குர்ஆன் ஓதிக் கொடுத்த திண்ணை. இவற்றுக்கு எந்தக் கமராவும் வரவில்லை. உம்மாமாரிடம் கேட்டால் வரைந்து தருவார்கள். எத்தனை எட்டு, எந்தப் பக்கம் வாசல் என்று கால் அளவில் சொல்வார்கள். அந்த அளவை நம்புங்கள். தூரத்தை நாம் காலால்தான் படித்தோம் என்று இப்னுல் ஹைதமே எழுதியிருக்கிறார்.

நான்காவது, ஒருவருடைய வீட்டின் உட்புறத்தைக் கட்டுவதற்கு முன் அந்த வீட்டாரிடம் கேளுங்கள். வீடு போயிருக்கலாம், வீட்டின் மறைப்பு போகவில்லை. வாரிசுகள் வேண்டாம் என்றால் வாசலோடு நில்லுங்கள். முடிந்த வேலை யாருடைய கையில் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள்.

கடைசியாக, படமும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை என்ற வீடுகள் இருக்கும். குடும்பத்தோடு போனவர்களின் வீடுகள் அவை. பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அறிவித்து, அந்தத் தூரத்தைப் பின்னர் குறைத்தார்கள். அதற்குள் அத்திவாரங்களும் மணலுக்குள் போய்விட்டன. அந்த வீடுகளை இன்டர்நெட்டில் கிடைக்கும் ஏதோ ஒரு வீட்டை வைத்து நிரப்பாதீர்கள். சதர்லாந்தின் அறையைப் போல வெறும் கோடுகளாக விடுங்கள். தெருவில் நடந்து வரும் பிள்ளை அந்த இடத்தில் நின்று, "இதுல ஏன் சுவர் இல்ல?" என்று கேட்கட்டும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் பதில் சொல்லட்டும். அந்தப் பேச்சு நடந்தால் போதும், நீங்கள் பட்ட பாடு வீண்போகாது.

ஊர் மக்களிடம் ஒரு வேண்டுகோள். அலுமாரியில் பழைய படம் இருந்தால் எடுத்து வையுங்கள். மங்கியிருந்தாலும் பரவாயில்லை, பின்னணியில் ஒரு வேலித் துண்டு தெரிந்தாலும் போதும். முக்கியமாக, அறுபது வயதைத் தாண்டிய தாய்மார்கள் இருக்கும் வீடுகளுக்கு நானும் சில மாணவிகளும் வருவோம். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவருவோம். கண்ணாடி பிறகு வரட்டும்.

அன்று மண்ணறைக்குப் போன நம் எல்லாருக்கும் அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.